இன்றைக்குப் படகு இல்லை: ‘கால் ஆஃப்’ சொல்லப் பழகுவோம்

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறிவிட்டால், எங்கள் பக்கத்துப் பையன்கள் போனும் கையுமாகத்தான் நிற்பார்கள். மீன்வளத்துறை டோக்கன் தராது, விசைப்படகு கடலுக்குப் போகாது. அது ஒரு பக்கம். குருசடைத் தீவுக்குப் படகில் போகலாம் என்று வந்தவர்கள், காரங்காட்டில் அலையாத்திக் காட்டைப் பார்க்கப் பணம் கட்டியவர்கள், விடியற்காலை அரிச்சல்முனைக்கு வேன் சொல்லி வைத்தவர்கள் என்று எல்லாருக்கும் சேதி சொல்லியாக வேண்டும். நம் ஆட்கள் என்றால் “இன்னைக்குப் படகு இல்லைண்ணே” என்பதோடு முடிந்தது. வடக்கிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்தவர் என்றால் ஆங்கிலம் வேண்டும். பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான்.

லாட்ஜ், வேன், படகு வேலைகளுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். முதல் வாரத்திலேயே ‘கால் ஆஃப்’, அதாவது ஏற்பாடு செய்ததை ரத்து செய்வது, அந்தப் பாடத்தை எடுத்துவிடுவேன். “வெல்கம்”, “தேங்க் யூ” எல்லாம் தானாக வந்துவிடும். ‘இல்லை’ என்று சொல்வதுதான் கஷ்டம். அதைத் தப்பாகச் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு நஷ்டமாகிவிடும்.

ஒரு தடவை அப்படித்தான் ஆனது. என்னிடம் படித்த தம்பி ஒருவன், படகு ரத்தானதும் விருந்தாளிகளுக்கு ‘புட் ஆஃப்’ என்று சேதி அனுப்பிவிட்டான். ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிவைப்பது. ஆஹா, நாளைக்குப் போகலாம் போலிருக்கிறது என்று அந்தத் தம்பதி அறையை இன்னொரு நாளுக்கு நீட்டித்துக்கொண்டார்கள். மறுநாளும் படகு இல்லை. மதுரையில் பிடிக்க வேண்டிய விமானமும் போய்விட்டது. அவர்கள் கோபப்படவில்லை, அந்த அம்மா அழுதுவிட்டார். தம்பிக்கு அது ரொம்ப நாள் மனதில் நின்றது. எனக்கும்தான். இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

போன் நினைப்பை விடுங்கள்

நம் காதுக்குக் ‘கால்’ என்றால் ஒன்று நடக்கிற கால், இன்னொன்று போனில் பண்ணுகிற கால். அதனால் ‘கால் ஆஃப்’ என்றதும் போனை ஆஃப் பண்ணச் சொல்கிறார்கள் என்றே புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ‘கால்’ என்பதற்குப் போன் வருவதற்கு முன்பே இருந்த அர்த்தம், கூப்பிடுவது. ‘ஆஃப்’ என்றால் விலகி. ஒருத்தர் மேல் பாய்ந்துகொண்டு போகிற நாயை வளர்த்தவர் ஒரு குரல் கொடுத்துத் திரும்பக் கூப்பிடுகிறார் அல்லவா, அதுவும் ‘கால் ஆஃப்’தான். இந்த அர்த்தம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மண்டபம் கடற்கரையில் நிற்கிற விருந்தாளி உங்கள் வீட்டு நாயைப் பார்த்து “பிளீஸ் கால் ஆஃப் யுவர் டாக்” என்று கத்தினால், நாயைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்கிறார்.

இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி சுலபம். ஏற்பாடு செய்த ஒன்றை, அல்லது நடந்துகொண்டிருக்கிற ஒன்றை, அதை நிறுத்தும் உரிமை உள்ளவர் “போதும், திரும்பு” என்று நிறுத்துவதுதான் கால் ஆஃப்.

தமிழில் இதற்கு இடத்துக்கு ஒரு சொல் வைத்திருக்கிறோம். டூர் கேன்சல் ஆகும். விழா ரத்தாகும். வேலைநிறுத்தம் வாபஸ் ஆகும். தேடும் பணி கைவிடப்படும். கல்யாணம் நின்னுபோகும். ஆங்கிலத்தில் இத்தனைக்கும் ‘கால் ஆஃப்’ ஒன்றே போதும். ராமேசுவரம் மீனவர்கள் வேலைநிறுத்தம் அறிவித்து, பேச்சுவார்த்தைக்குப் பிறகு வாபஸ் வாங்கினால், ஆங்கிலப் பேப்பரில் தலைப்பு “ஃபிஷர்மென் கால் ஆஃப் ஸ்ட்ரைக்” என்று வரும். நேற்றே நடந்த விஷயம் என்றாலும் தலைப்பில் ‘கால்ட்’ என்று போட மாட்டார்கள். தலைப்பு எழுதுகிற வழக்கம் அது. நீங்கள் பேசும்போது “தே கால்ட் ஆஃப் த ஸ்ட்ரைக் எஸ்டர்டே” என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் வேலை: உண்மையில் என்ன ஆனது?

வாயைத் திறப்பதற்கு முன்னால் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். முழுக்க நின்றுவிட்டதா, தள்ளிப்போயிருக்கிறதா, அல்லது நடக்கிறது ஆனால் நான் மட்டும் போகவில்லையா? மூன்றுக்கும் மூன்று விதமாகச் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் வருகின்றன. அதனால் அவசரப்படாமல் பாருங்கள்.

முழுக்க நின்றது என்றால் கால் ஆஃப். “த போட் ட்ரிப் ஹேஸ் பீன் கால்ட் ஆஃப்.” இதைக் கேட்டவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகலாம், காத்திருக்க வேண்டியதில்லை.

வேறொரு நாளுக்குத் தள்ளிப்போனால் புட் ஆஃப், அல்லது போஸ்ட்போன். “த ட்ரிப் ஹேஸ் பீன் புட் ஆஃப் டில் ஃப்ரைடே.” ‘டில் ஃப்ரைடே’ என்ற அந்த வாலை விட்டுவிடாதீர்கள். எந்த நாள் என்று தெரியாவிட்டால் ‘புட் ஆஃப்’ பக்கமே போகாமல், “கால்ட் ஆஃப்” என்று சொல்லிவிட்டு, மறுபடி போக முடிந்தால் கூப்பிடுகிறேன் என்பதுதான் நேர்மை. இரண்டிலும் ‘ஆஃப்’ இருப்பதால்தான் குழப்பம் வருகிறது. புட் என்றால் வை, அதனால் புட் ஆஃப் தள்ளி ‘வைப்பது’ என்று பிடித்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே அந்த ‘வை’ இருக்கிறது.

நீங்கள் மட்டும் போகவில்லை என்றால் இரண்டுமே வராது. நண்பர்கள் எட்டுப் பேர் தேவிபட்டினம் போகிறார்கள், உங்களுக்குக் காய்ச்சல். “ஐ கால்ட் ஆஃப் த ட்ரிப்” என்று சொன்னால் எட்டுப் பேரின் பயணத்தையும் நீங்கள் நிறுத்திவிட்டதாக ஆகிவிடும். “சாரி, ஐ கான்ட் மேக் இட்” போதும். முதலில் ஒப்புக்கொண்டு அப்புறம் பின்வாங்கினால் “ஐ பேக்ட் அவுட்”.

கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழாவை வைத்து இந்த வேறுபாட்டை நன்றாகப் பார்க்கலாம். நம் மீனவர்களுக்கு இலங்கையில் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதைக் கண்டித்து, 2024-இல் ராமேசுவரத்திலிருந்து யாரும் போகவில்லை, பயணம் ரத்தானது. ஆனால் தீவில் விழா நடந்தது, இலங்கைப் பக்கத்து மக்கள் வந்திருந்தார்கள். அப்படியானால் “த ஃபெஸ்டிவல் வாஸ் கால்ட் ஆஃப்” என்பது தப்பு. “த ட்ரிப் ஃப்ரம் ராமேஸ்வரம் வாஸ் கால்ட் ஆஃப்” என்பதுதான் சரி. எது நின்றதோ அதை மட்டும் வாக்கியத்தில் வைக்க வேண்டும்.

யார் நிறுத்தியது?

தமிழில் “கல்யாணம் நின்னுபோச்சு” என்கிறோம். யார் நிறுத்தினார்கள் என்று அதில் இல்லை. தெரிந்தாலும் சொல்ல மாட்டோம், அது ஒரு மரியாதை. “கல்யாணத்தை நிறுத்திட்டாங்க” என்றால் உடனே அடுத்த கேள்வி, “யாரு, பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடா?” ஆங்கிலத்திலும் இதே இரண்டு வழி உண்டு. “த வெட்டிங் வாஸ் கால்ட் ஆஃப்” என்றால் நின்னுபோச்சு. “தே கால்ட் ஆஃப் த வெட்டிங்” என்றால் நிறுத்திட்டாங்க. கீழக்கரையிலிருந்து வரும் ஒரு மாணவி இதைக் கேட்டதும், “எங்க லாத்தா கல்யாணத்துக்கு முதல் மாதிரிதான் சொல்லணும்” என்றாள். லாத்தா என்றால் அக்கா. சரியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மழையும் காற்றும் காரணமாக இருக்கலாம், ஆனால் நிறுத்துகிறவர் மனிதர்தான். நாயைக் கூப்பிடும் எஜமான் படத்தை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். “ரெயின் கால்ட் ஆஃப் த மேட்ச்” என்பது இடறும். “த மேட்ச் வாஸ் கால்ட் ஆஃப் பிகாஸ் அவ் ரெயின்” என்பது ஓடும். மழையால் ஆட்டம் நின்றால் இங்கிலாந்துக்காரர் “ரெயின்ட் ஆஃப்” என்பார், அமெரிக்கர் “ரெயின்ட் அவுட்” என்பார். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், நீங்கள் பேச வேண்டும் என்ற கட்டாயமில்லை.

விருந்தாளியிடம் பேசும்போது நான் அதிகம் சிபாரிசு செய்வது இது: “வி ஹேட் டு கால் ஆஃப் த ட்ரிப்.” நம் “நிறுத்த வேண்டியதாப் போச்சு” அப்படியே இதில் இருக்கிறது. நாங்கள்தான் முடிவெடுத்தோம் என்ற பொறுப்பும் வருகிறது, வேறு வழியில்லை என்ற வருத்தமும் வருகிறது.

‘இட்’ நடுவில்தான் உட்காரும்

“கால் ஆஃப் த மீட்டிங்” சரி. “கால் த மீட்டிங் ஆஃப்” இதுவும் சரி. இரண்டில் எது வாய்க்கு வசதியோ அதைப் பிடிக்கலாம். ஆனால் மீட்டிங் என்ற பெயரை எடுத்துவிட்டு ‘அது’ என்று சொல்ல வரும்போது ‘இட்’ நடுவில் மட்டும்தான் உட்காரும். “கால் இட் ஆஃப்.” “கால் ஆஃப் இட்” என்று யாரும் சொல்வதில்லை. பன்மையில் “கால் தெம் ஆஃப்”.

பெயர் ரொம்ப நீளமாக இருந்தால் நடுவில் திணிக்காதீர்கள். “வி கால்ட் த ட்ரிப் டு த ஐலண்ட் நியர் பாம்பன் ஆஃப்” என்று போனால், ‘ஆஃப்’ வருவதற்குள் கேட்பவர் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருப்பார். “வி கால்ட் ஆஃப் த ட்ரிப்” என்று முதலில் முடித்துவிட்டு, மீதியைப் பிறகு சொல்லுங்கள்.

எதற்குப் பொருந்தும்

ஆட்கள் கூடிச் செய்வதற்காக ஏற்பாடானதற்கெல்லாம் பொருந்தும். டூர், மீட்டிங், மேட்ச், கல்யாணம், நிச்சயதார்த்தம், போராட்டம், தேடுதல், பேச்சுவார்த்தை. டிக்கெட்டுக்கும் ரூமுக்கும் பொருந்தாது. “ஐ வான்ட் டு கால் ஆஃப் மை டிக்கெட்” என்று ஸ்டேஷனில் கேட்டால் புரியாமல் பார்ப்பார்கள். டிக்கெட், ரூம் புக்கிங், ஆன்லைனில் வாங்கிய பொருள் இதற்கெல்லாம் ‘கேன்சல்’ மட்டுமே. ரயிலுக்கும் விமானத்துக்கும் அதேதான், “த ட்ரெயின் இஸ் கேன்சல்ட்”. சந்தேகம் வந்தால் ‘கேன்சல்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், அது எல்லா இடத்திலும் நிற்கும். ஆனால் எதிரில் இருப்பவர் ‘கால் ஆஃப்’ என்று சொன்னால் உங்களுக்குப் புரிந்தாக வேண்டும்.

நம் ஊரில் வெளியூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் வேறு இரண்டு விஷயத்திலும் ‘கால் ஆஃப்’ வராது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்பார்கள். யாரும் ஏற்பாடு செய்துவிட்டு நிறுத்தியதல்ல, வருஷா வருஷம் வருகிற தடை. அதனால் “தேர் இஸ் எ ஃபிஷிங் பேன் நவ்” என்று சொல்லுங்கள். தனுஷ்கோடி இடிபாடுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, இங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போனதாமே, என்ன ஆனது என்பார்கள். 1914-இல் தொடங்கி, 1964 டிசம்பர் புயலோடு தனுஷ்கோடியிலிருந்து அந்தப் போக்குவரத்து முடிந்துபோனது. ஒரு நாள் ஓட்டம் ரத்தானால்தான் வேறு பேச்சு. சேவையே நின்றுவிட்டால் “த ஃபெர்ரி ஃப்ரம் ஹியர் ஸ்டாப்ட் ஆஃப்டர் த சைக்ளோன்” என்பதுதான் பொருத்தம்.

ஒரு கனமான இடம்: ‘த சர்ச் வாஸ் கால்ட் ஆஃப்’

கடலோரத்தில் இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கடலுக்குப் போனவர் திரும்பவில்லை என்றால் தேடுகிறார்கள். தேடுதலை நிறுத்தும்போது ஆங்கிலச் செய்தியில் ‘கால்ட் ஆஃப்’ என்று வரும். எங்கள் தெருவில் ஒரு அக்கா வீட்டில், தம்பி மகன் போனில் ஆங்கிலச் செய்தியைப் பார்த்துவிட்டு, “தேடுறத நிறுத்திட்டாங்களாம்” என்று சொல்லிவிட்டான். வீடே அலறியது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து அந்தப் போனை வாங்கி முழு வாக்கியத்தையும் படித்தார். “கால்ட் ஆஃப் ஃபார் த நைட்” என்று இருந்தது. இருட்டிவிட்டதால் இன்றைய ராத்திரிக்கு நிறுத்தியிருக்கிறார்கள், விடிந்ததும் தேடுவார்கள் என்று அர்த்தம். மறுநாள் மத்தியானம் அந்த வள்ளம் தொண்டிப் பக்கம் கரையேறியது, ஆட்கள் உயிரோடு.

அதனால் ‘கால்ட் ஆஃப்’ என்று பார்த்ததும் அங்கேயே நின்றுவிடாதீர்கள். பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘ஃபார் த நைட்’, ‘ஃபார் டுடே’ இருந்தால் அந்த நேரத்துக்கு மட்டும்தான். ‘சஸ்பெண்டட்’ என்று இருந்தால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், மறுபடி தொடங்க இடமிருக்கிறது. எதுவும் இல்லாமல் வெறும் ‘கால்ட் ஆஃப்’ என்று இருந்தாலும், தேடுவதை விட்டார்கள் என்பது மட்டும்தான் அதன் பொருள். போனவருக்கு என்ன ஆனது என்பதைப் பற்றி அந்தச் சொல் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் இருப்பவர்களுக்குப் படித்துச் சொல்கிறவர் இதைத் தெரிந்து சொல்ல வேண்டும்.

சொல்லும் விதம், எழுதும் விதம்

அழுத்தம் ‘ஆஃப்’ மேல் விழ வேண்டும். ‘கால்ட்’ லேசாகப் போகட்டும். ‘கால்ட் இட் ஆஃப்’ என்பதை மூன்று துண்டாக வெட்டாமல் ‘கால்டிட்டாஃப்’ என்று ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்.

எழுதும்போது எங்கள் பிள்ளைகள் விடும் பிழை ஒரே ஒரு எழுத்தில் இருக்கிறது. ‘ஆஃப்’ என்பதற்கு இரண்டு எஃப். ஒரு எஃப் போட்டால் அது ‘அவ்’ என்று ஒலிக்கும் வேறு சொல், ‘உடைய’ என்ற அர்த்தம் தருவது. ‘கால்ட் ஆஃப் பிகாஸ் அவ் ரஃப் சீஸ்’ என்ற வாக்கியத்தில் இரண்டும் வருகின்றன. முதலில் வருவதற்கு இரண்டு எஃப், ‘பிகாஸ்’ பக்கத்தில் இருப்பதற்கு ஒரு எஃப். இந்த ஒரு வாக்கியத்தைப் பத்துத் தடவை கையால் எழுதிப் பாருங்கள், அதற்கப்புறம் தப்பாது.

சேதி அனுப்பும்போது

புயல் கூண்டு ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றாம் எண் என்றால் தொலைவில் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது. மூன்றாம் எண் என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசக்கூடும். விருந்தாளிக்கு இந்த எண்ணெல்லாம் வேண்டாம். “வார்னிங் சிக்னல் நம்பர் த்ரீ” என்று மட்டும் அனுப்பினால் அவர் பயந்துபோய் உங்களுக்கு நாலு தடவை போன் பண்ணுவார். அவருக்குத் தெரிய வேண்டியது படகு உண்டா இல்லையா, ஏன், பணம் என்ன ஆகும், அடுத்து எப்போது தெரியும். இதே வரிசையில் எழுதுங்கள்:

“குட் மார்னிங். டுடேஸ் போட் ட்ரிப் ஹேஸ் பீன் கால்ட் ஆஃப் பிகாஸ் அவ் ரஃப் சீஸ். வி வில் ரிஃபண்ட் யுவர் மணி டுடே. ஐ வில் மெசேஜ் யூ பை சிக்ஸ் திஸ் ஈவ்னிங் அபவுட் டுமாரோ.”

முதல் வாக்கியத்திலேயே விஷயம் வந்துவிட்டது பாருங்கள். மன்னிப்பு, வருத்தம் எல்லாவற்றையும் முன்னால் அடுக்கினால், அவர் பாதி படித்துவிட்டுப் படகுத்துறைக்குக் கிளம்பிவிடுவார். வருத்தத்தைக் கடைசியில் ஒரு ‘சாரி’யாகச் சேர்க்கலாம். ஆறு மணிக்குச் சொல்கிறேன் என்று எழுதினால் ஆறு மணிக்குச் சொல்லிவிடுங்கள், இல்லை என்றாலும் சொல்லுங்கள்.

அவர் திரும்பக் கேட்பது பெரும்பாலும் “இஸ் இட் கால்ட் ஆஃப் ஆர் ஜஸ்ட் டிலேய்ட்?” என்றிருக்கும். ரத்தா, இல்லை நேரம்தான் தள்ளிப்போகிறதா என்கிறார். வெறும் “எஸ்” என்று பதில் போடாதீர்கள். எதற்கு ‘எஸ்’ என்று அவருக்குத் தெரியாது. “கால்ட் ஆஃப். நோ ட்ரிப் டுடே” என்று முழுசாக அடியுங்கள்.

காற்று தணிந்தால்

சில நாள் பத்து மணிக்குள் காற்று அடங்கிவிடும், கூண்டையும் இறக்கிவிடுவார்கள், படகுக்கு அனுமதி வந்துவிடும். ரத்தானது மறுபடி நடக்கப் போகிறது என்பதற்கு “பேக் ஆன்” என்று சொல்வார்கள். “குட் நியூஸ், த ட்ரிப் இஸ் பேக் ஆன். போட் லீவ்ஸ் அட் லெவன்.” போன மாசம் ஒரு நாள் இந்தச் சேதியை, முன்னால் ‘புட் ஆஃப்’ என்று தவறாக எழுதிய அதே தம்பிதான் அனுப்பினான். அனுப்பிவிட்டு என்னிடம் போனை நீட்டிக் காட்டினான். எதிர்ப்பக்கத்திலிருந்து “வி ஆர் ஆன் அவர் வே” என்று வந்திருந்தது. அவன் லைஃப் ஜாக்கெட்டுகளை அள்ளிக்கொண்டு குந்துகால் பக்கம் ஓடினான்.